முதல் பெஞ்சு மனிதர்: கதைக்குள் ஒரு கிறிஸ்தவ மாயக்காரரை எழுதும் வழி

புதிதாகச் சிறுகதை எழுத வருகிறவர்கள் கையில் சுலபமாக வந்து மாட்டுகிற ஆள் ஒருவர் உண்டு: மாயக்காரர், அதாவது பைபிள் தமிழில் பக்தி வேஷம் போடுகிறவர். வெள்ளை வேட்டி சட்டை, ஜிப் வைத்த உறைக்குள் பைபிள், வாய் திறந்தால் "ஸ்தோத்திரம்". இரண்டாம் பக்கத்தில் விதவையிடம் வட்டிப் பணத்தைப் பிடுங்குவார். நான்காம் பக்கத்தில் வேலைக்காரப் பெண்ணின் கையைப் பிடிப்பார். கடைசிப் பக்கத்தில் ஊர் முன்னால் அகப்பட்டுக்கொள்வார். வாசகருக்கு முதல் பத்தியிலேயே எல்லாம் தெரிந்துவிடும். மிச்சத்தை உங்கள் முகத்துக்காகப் படித்து முடிப்பார்.

அந்த ஆளை நடிகராக எழுதாதீர்கள். அவர் நம்புகிறவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்கிறாரே, அப்போது யார் பார்க்கிறார்கள்? அப்படி நிற்கிற மனிதர் ஒரு கொடுமையைச் செய்துவிட்டு அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார். எப்படித் தூங்க முடிகிறது என்பதுதான் கதை. கீழே சொல்லப்போகிற படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவதற்கானவை.

முதல் படி: எந்தக் கோயில் என்று முடிவு செய்யுங்கள்

பொதுவாக "ஒரு கிறிஸ்தவர்" என்று யாரும் கிடையாது. எந்தச் சபை என்று தெரியாமல் அவர் வாயில் ஒரு வாக்கியம்கூட வைக்க முடியாது. திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) கிராமத்தில் குருவானவர் "ஐயர்", அவர் மனைவி "ஐயரம்மா". ஞாயிற்றுக்கிழமை நடப்பது அங்கே ஆராதனை. கத்தோலிக்கருக்குப் பேச்சில் பூசை, எழுத்தில் திருப்பலி. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவார். சி.எஸ்.ஐ.க்காரர் தன் பாவத்தை ஐயரின் காதில் போய்ச் சொல்கிற வழக்கம் இல்லை. பெந்தெகொஸ்தே வீட்டில் குருவானவர் கிடையாது, பாஸ்டர்தான். சபையார் "விசுவாசிகள்", ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமான லெந்து பெரும்பாலும் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

சினிமா பார்த்து எழுதுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். எல்லாச் சபைக்கும் ஒரே வெள்ளை அங்கி, ஒரே மெழுகுவர்த்தி, ஒரே "மகனே". ஒரு பெந்தெகொஸ்தே அம்மா மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற மாதிரி எழுதிப் பாருங்கள், விஷயம் தெரிந்த வாசகர் அந்த வரியோடு இறங்கிவிடுவார்.

சபை மாறினால் பெருமையின் முகமும் மாறும். சி.எஸ்.ஐ. கிராமத்தில் அது சேகரக் கமிட்டியில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளை நிர்வகிக்கிற குழு) உட்காரும், எலெக்‌ஷனில் நிற்கும், "நாங்க நாலு தலைமுறையா இந்தக் கோயில்ல" என்று பேசும், சுவரில் பளிங்குக் கல்லாகப் பதியும். கத்தோலிக்க ஊரில் திருவிழாவையும் தேரையும் சுற்றி வரும்: எந்தத் தெருவுக்குச் சப்பரம் முதலில் வரும், கொடிக்கயிறு யார் கையில். பெந்தெகொஸ்தே சபையில் கல்லும் கிடையாது, தேரும் கிடையாது. அங்கே பெருமைக்கு உபவாச நாட்களின் எண்ணிக்கை போதும். நகை போடாத கழுத்துகூட அங்கே ஒரு நகைதான். "கர்த்தர் என்கிட்ட பேசினார்" என்ற வாக்கியத்துக்கு மேல்முறையீடே இல்லை.

இனிமேல் உதாரணத்துக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்வோம். சி.எஸ்.ஐ. கிராமம். மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சேகரத்தின் பொருளாளர். ஊரில் அவருக்குப் பெயரே கிடையாது, "பெரிய ஸார்" என்றால் போதும்.

இரண்டாம் படி: பெருமையையும் மாய்மாலத்தையும் பிரித்துப் பாருங்கள்

இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. பெருமை பிடித்த, ஆனால் துளி பொய் இல்லாத கிறிஸ்தவர்கள் உண்டு. லூக்கா 15-ல் வருகிற கெட்ட குமாரனின் அண்ணன் அப்படித்தான்: அவன் சொல்வதெல்லாம் உண்மை, அவன் உழைத்ததும் உண்மை, ஆனாலும் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்காக விருந்து நடக்கிற வீட்டுக்குள் நுழைய மனமில்லாமல் வெளியே நிற்கிறான். மறுபக்கம், பெருமையே இல்லாமல் வெறும் பயத்தால் வேஷம் போடுகிறவர்களும் உண்டு.

வேஷக்காரர்களிலும் இரண்டு சாதி. தெரிந்தே ஏமாற்றுகிறவர் ஒருவர். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் தார்த்தூஃப் அந்த வகை. 1664-ல் முதலில் மேடையேறித் தடைசெய்யப்பட்டு, 1669-ல்தான் தடை நீங்கிப் பொதுமேடைக்கு வந்த நாடகம் அது. அதில் ஒரு தொழில்நுட்பம் உங்களுக்கு உதவும்: தார்த்தூஃப் மூன்றாம் அங்கம் வரை மேடைக்கே வருவதில்லை. இரண்டு அங்கம் முழுக்க வீட்டார் அவனைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அவன் உள்ளே வரும்போது பார்வையாளர் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆனால் அது நகைச்சுவை நாடகம். அந்த வகை ஆள் நகைச்சுவைக்குத்தான் தாங்குவான். எட்டுப் பக்கத்துச் சிறுகதையில் தெரிந்தே ஏமாற்றுகிறவனை எழுதினால், மிஞ்சிப்போனால் ஒரு திருடன் பிடிபட்ட கதை கிடைக்கும்.

இன்னொருவர் தன்னையே முதலில் ஏமாற்றிக்கொள்கிறவர். ஊர் அதற்கப்புறம்தான். தொடங்குகிறவருக்கு நான் சிபாரிசு செய்வது இவரை.

மூன்றாம் படி: அவர் செய்த நன்மைகளை முதலில் எழுதுங்கள்

கதைக்கு முன், குறிப்பு நோட்டில். நல்லது என்றால் உண்மையாகவே நல்லது. பின்னால் உள்நோக்கம் வெளிப்படப்போகிற நல்லது வேண்டாம். பெரிய ஸார் ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்த பிள்ளைகள் உண்டு. காலரா வந்த வருஷம் மற்றவர்கள் தெருவை மாற்றி நடந்தபோது அவர் அந்தத் தெருவுக்குள் கஞ்சியோடு போனார். காணிக்கைக் கணக்கில் ஒரு பைசா தவறாது. மனைவி கிரேஸ் டீச்சர் படுக்கையில் கிடந்த மாதங்களில் சமையல் அவர்தான்.

இதை எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இந்த நன்மைகள்தான் பின்னால் அவருக்குச் சாட்சி சொல்லப்போகின்றன, அவர் மனசுக்குள் நடக்கிற வழக்கில். "நானா சாதி பார்க்கிறவன்? காலரா வருஷத்துல எந்தத் தெருவுக்குப் போனேன் தெரியும்ல?" இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அவர் உண்மையிலேயே போனார்.

நான்காம் படி: நம்பிக்கையைவிடப் பலமான ஓர் ஆசை

ஒன்று போதும். இதற்கு உலக இலக்கியத்தில் எனக்குத் தெரிந்த சிறந்த பாடம் ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாவலில் இருக்கிற பல்ஸ்ட்ரோட். 1871-72-ல் வெளியான நாவல். பெரிய புத்தகம், முழுவதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள்கூட இவர் வருகிற அத்தியாயங்களைப் பொறுக்கிப் படிக்கலாம்.

பல்ஸ்ட்ரோட் இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தில் வங்கி நடத்துகிறவர், பக்தியில் கறாரானவர், புது மருத்துவமனைக்குப் பணம் தருகிறவர். இளமையில் லண்டனில், வருகிற பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்காத ஓர் அடகுக்கடையில் பங்குதாரராக இருந்தார். முதலாளி செத்ததும் அவர் விதவையை மணந்தார். அந்த அம்மாளுக்கு ஓடிப்போன மகள் ஒருத்தி. மகள் இருக்கிற இடம் பல்ஸ்ட்ரோட்டுக்குத் தெரிய வந்தது, அவர் சொல்லவில்லை. சொத்து அவருக்கு வந்தது. இந்தப் பணம் என் கையில் இருந்தால் கடவுளுடைய காரியத்துக்குப் பயன்படும், கண்டவர் கையில் போனால் வீணாகும் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். நாடகம் போடுகிற முரட்டு வேஷக்காரர்களில் இவர் ஒருவர் அல்ல, ஆசை நம்பிக்கையைவிடப் பலமாக இருந்துவிட்டவர் என்றுதான் எலியட் இவரைப் பற்றிச் சொல்கிறார்.

பல வருஷம் கழித்து அந்த ரகசியம் தெரிந்த ராஃபிள்ஸ் என்ற குடிகாரன் வந்து பணம் கேட்டு மிரட்டுகிறான். பிறகு அவன் பல்ஸ்ட்ரோட் பொறுப்பிலேயே நோயில் விழுகிறான். மது கொடுக்கவே கூடாது. அபின் மருந்தை இத்தனைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கட்டளையிடுகிறார். பல்ஸ்ட்ரோட் முதலில் தானே கண்விழித்துப் பார்த்துக்கொள்கிறார். ஜெபிக்கிறார். அடுத்த ராத்திரி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கார அம்மாளிடம் பொறுப்பை விட்டுவிட்டுப் படுக்கப் போகிறார். மருந்தை எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டது நினைவுக்கு வருகிறது. சொல்லப் புறப்படுகிறார், பாதியில் நிற்கிறார், திரும்பிவிடுகிறார். பிறகு அந்த அம்மாள் கதவைத் தட்டி, ஆள் ரொம்பத் தளர்ந்து கிடக்கிறான், கொஞ்சம் பிராந்தி கொடுக்கலாமா என்று கேட்கிறாள். கொஞ்ச நேரம் பதில் இல்லை. கடைசியில் மதுப் பெட்டியின் சாவியைக் கொடுக்கிறார். காலையில் ராஃபிள்ஸ் இல்லை.

கவனியுங்கள். அவர் கொல்லவில்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை, ஒரு சாவியைக் கொடுத்தார், அவ்வளவுதான். உங்கள் மாயக்காரர் செய்கிற பாவமும் இப்படி ஒரு விடுபடலாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. கையால் அடிக்கிறவரை வாசகர் உடனே வெறுத்துவிடுவார். ஒரு கடிதத்தை மேஜை டிராயரில் இரண்டு நாள் அதிகமாக வைத்திருக்கிறவரை எப்படி வெறுப்பது என்று தெரியாமல் திணறுவார்.

பெரிய ஸாருக்கு வருவோம். அவர் ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்த பையன் சாமுவேல். அதே கோயில்தான், ஆனால் வேறு தெரு. "சாமு எனக்குப் பிள்ளை மாதிரி" என்று எல்லோரிடமும் சொல்வார். சாமுவேல் பி.எட். முடித்துவிட்டான், மிஷன் பள்ளியில் ஓர் இடம் காலி. பெரிய ஸாரின் மகள் எஸ்தருக்கும் அவனுக்கும் பேச்சு இருக்கிறது என்பது வீட்டுக்குத் தெரிய வருகிறது. பெரிய ஸாரின் ஆசை என்ன? மகள் நல்ல இடத்தில் வாழ வேண்டும் என்பது அல்ல. அது எல்லா அப்பாக்களுக்கும் இருப்பது. நாலு தலைமுறைப் பெயர் தன் காலத்தில் கலையக் கூடாது என்பது. இதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லமாட்டார், கதையிலும் நீங்கள் சொல்லக் கூடாது.

அவர் செய்கிற காரியம்: சாமுவேலின் விண்ணப்பத்தோடு சேகரத்துச் சிபாரிசுக் கடிதம் போக வேண்டும். அதில் அவர் கையெழுத்து வேண்டும். கடைசி நாளுக்கு முந்தின நாள் பக்கத்து ஊரில் மூன்று நாள் உபவாச ஜெபம். போய்விடுகிறார். போக வேண்டும் என்ற பாரம் அவருக்கு உண்மையாகவே இருந்தது.

ஐந்தாம் படி: அவர் ஜெபத்தை எழுதுங்கள்

அவருடைய மனவோட்டத்தைப் பக்கம் பக்கமாக விவரிக்காதீர்கள். ஜெபத்தை எழுதுங்கள், உள்ளே இருப்பதெல்லாம் தானே வந்துவிடும்.

மாதிரி ஏற்கெனவே பைபிளில் இருக்கிறது. லூக்கா 18-ல் பரிசேயனும் (மதச் சட்டத்தைக் கறாராகப் பிடித்தவன்) ஆயக்காரனும் (வரி வசூலிக்கிறவன்) ஜெபிக்கப் போகிறார்கள். பரிசேயனின் ஜெபம்: "தேவனே! நான் பறிகாரர், அநியாயக்காரர், விபசாரக்காரர் ஆகிய மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன். வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன். என் சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் செலுத்திவருகிறேன்." இலக்கண ரீதியாக இது நன்றி ஜெபம். ஒரு விண்ணப்பம்கூட இல்லை. அவனுக்கு எதுவும் தேவைப்படவில்லை. எல்லா வினையும் "நான்" செய்தது. நடுவில் பக்கத்தில் நிற்கிறவனை விரலால் சுட்டுகிறான். கண்ணை மூடி ஜெபிக்கிறவனுக்கு அந்த ஆயக்காரன் எங்கே நிற்கிறான் என்பது எப்படித் தெரிந்தது? மூன்றே வரியில் ஒரு ஆள் முழுசாக எழுந்து நிற்கிறான், அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

பயிற்சியாக உங்கள் பாத்திரத்துக்கு மூன்று ஜெபம் எழுதுங்கள்: கோயிலில் எல்லோர் முன்னிலையில், வீட்டில் குடும்ப ஜெபத்தில், தனியாக. பெரிய ஸார் கோயிலில் ஜெபிப்பது இப்படிப் போகலாம்:

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல காலை வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். அபாத்திரனாகிய அடியேனையும் உம்முடைய ஆலயத்தின் காரியங்களை இத்தனை வருஷமாய்க் கவனிக்கும்படி வைத்தீரே, அதற்காக ஸ்தோத்திரம். வியாதியஸ்தரை நினைத்தருளும். வாலிபப் பிள்ளைகளை நினைத்தருளும் ஆண்டவரே. பெற்றோருடைய கண்ணீரை அறியாமல், சுயசித்தத்தின்படி நடக்கிற பிள்ளைகள் இந்த ஆலயத்திலும் உண்டே ஆண்டவரே..."

அந்த "உண்டே ஆண்டவரே" என்ற இடத்தில் கோயில் முழுக்க ஓரக்கண் எந்தப் பெஞ்சுக்குப் போகும் என்று எழுதினால் போதும். கடவுளிடம் பேசுகிற தோரணையில் பக்கத்து ஆளைக் குத்துவதற்கு இதைவிட நல்ல கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. இதற்குத் தங்கை முறை, ஜெபக்குறிப்பு. "அந்தப் பிள்ளைக்காக ரொம்ப பாரத்தோட ஜெபிக்கணும் சிஸ்டர், விஷயம் வெளிய போகக் கூடாது" என்று தொடங்குகிற குறிப்பு மாலைக்குள் எத்தனை வீடு போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

குடும்ப ஜெபத்தில் அவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு வாசிக்க வேண்டிய அதிகாரத்தைத் தாண்டி வேறொன்றை எடுத்து மகளிடம் நீட்டி, "நீ வாசிம்மா" என்றால் முடிந்தது.

தனி ஜெபம்தான் சிரமம். இங்கே அவர் நேர்மையானவர், ஒரு கணம். "ஆண்டவரே, அவன் நல்ல பையன்தான். உமக்குத் தெரியாததா..." என்று தொடங்குகிறார், நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தை எழுதுங்கள். பிறகு அவருக்கு வார்த்தை கிடைக்கிறது: இந்தச் சம்பந்தத்தால் சபையில் பிளவு வரும், ஊழியம் கெடும், பலவீனமான விசுவாசிகளுக்கு இடறலாகும். வார்த்தை கிடைத்ததும் தூக்கமும் வந்துவிடுகிறது.

மறுநாள் மனைவியிடம் அவர் சொல்வது: "நானும் ஜெபிச்சுப் பாத்தேன் டீச்சர். எனக்கு சமாதானம் வரல." கிறிஸ்தவ வீடுகளில் புழங்குகிறவர்களுக்கு இந்த வாக்கியத்தின் எடை தெரியும். இதோடு வாதாட முடியாது. சமாதானம் வரவில்லை என்றால் வரவில்லைதான். அது பொய்யும் இல்லை. அவருக்கு நிஜமாகவே வரவில்லை. வராததற்குக் காரணம் யார் என்பது மட்டும்தான் கேள்வி.

ஆறாம் படி: வெளிச்சம் விழுகிற இடத்தில் காட்சியை வையுங்கள்

தமிழ்க் கிறிஸ்தவக் கதையில் மாய்மாலத்தின் பெரிய இடம் சாதி. அதைச் சுற்றிக்கொண்டு போகிற கதை பெரும்பாலும் சின்னதாகிவிடும். வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயிலில் சாதிவாரியாகத் தனித்தனியாக உட்காருவதற்கென்றே இரண்டு பிரிவு இருந்தது. இடையில் இருந்த தடுப்பு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. இப்போது கோயிலுக்குள் சுவரைப் பார்ப்பது கடினம். ஞாயிற்றுக்கிழமை வரன் விளம்பரத்தில் பார்க்கலாம்: "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண் தேவை" என்பதற்கு முந்தின வார்த்தையைப் படியுங்கள். கல்லறைத் தோட்டத்தில் பார்க்கலாம். எந்த இரண்டு சாதி என்பதை நீங்கள் கட்டாயம் முடிவு செய்துகொள்ள வேண்டும், ஆனால் கதையில் பெயர் சொல்ல வேண்டியதில்லை. "வேறு தெரு" என்பதே நம் வாசகருக்கு நிறைய.

சம்பவம் நடக்க ஓர் இடம் வேண்டும். எனக்குப் பிடித்தது அறுப்பின் பண்டிகை ஏலம்: சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த விளைச்சலைக் கோயிலுக்காக ஏலம் விடுவது. கோயில் வளாகத்தில் பந்தல். வாழைத்தார், சேவல், பூசணிக்காய், ஓர் எலுமிச்சம்பழம். பழத்தின் விலை கடையில் என்ன என்பது அங்கே யாருக்கும் பொருட்டில்லை. மைக்கில் யார் பெயர் எத்தனை தரம் கேட்கிறது என்பதே கணக்கு. பெரிய ஸார் சேவலை மூன்று மடங்கு விலைக்கு எடுத்து மறுபடி ஏலத்துக்கே கொடுத்துவிடுகிறார். கைதட்டல். அடுத்து சாமுவேலின் அம்மா கொண்டுவந்த முட்டைகள் ஏலத்துக்கு வருகின்றன, யாரும் வாய் திறக்கவில்லை. பெரிய ஸார் பெரிய தொகை ஒன்றைச் சொல்கிறார். இரக்கமா? பெருமையா? சிபாரிசுக் கடிதம் போகாததற்கு அவர் தனக்குள் கட்டுகிற அபராதமா? மூன்றும்தான். எது என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்று மத்தேயுவில் இருப்பதை மைக் வைத்து நடத்துகிற ஏலத்தின் நடுவே யாரும் மேற்கோள் காட்ட வேண்டியதும் இல்லை. வாசகருக்குத் தானே தோன்றும்.

மேற்கோள் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சிறுகதைக்கு இரண்டு வசனம் போதும். அவை சரியாக அந்தச் சபையின் பைபிளிலிருந்து வர வேண்டும்: சி.எஸ்.ஐ. வீட்டில் "மாயக்காரர்" என்று வாசிப்பது கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் "வெளிவேடக்காரர்". மாயக்காரர் வசனத்தைத் தப்பாகச் சொல்லமாட்டார், பாதியைச் சொல்வார். பெரிய ஸார் "அந்நிய நுகம்னு வேதத்துலயே இருக்குல்லா" என்பார். கொரிந்தியரில் இருக்கும் முழு வாக்கியம் "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்பது. சாமுவேல் அவிசுவாசி இல்லை. வாரந்தோறும் அதே பீடத்தில் முழங்கால் போட்டு அதே அப்பத்தை வாங்குகிறவன். அந்த ஒரு சொல்லை அவர் விழுங்கிவிட்டார் என்பதை யாராவது ஒருவர் கவனிக்கட்டும்.

ஏழாம் படி: எதிரில் யாரை நிறுத்துவது

நாத்திக இளைஞன் வேண்டாம். அவன் பேசுவதெல்லாம் நீங்கள் பேசுவதாகிவிடும். அப்பழுக்கில்லாத ஏழை விசுவாசியும் வேண்டாம். ஒரு பொய்க்கு எதிரில் ஒரு பொம்மையை வைத்தது போலாகும்.

பெரும்பாலும் வீட்டிலேயே ஆள் இருப்பார். பல்ஸ்ட்ரோட்டின் மனைவி ஹாரியட்டுக்குக் கணவரின் கடந்த காலம் எதுவும் தெரியாது. ஊர் சிரித்த பிறகு, அண்ணன் சொல்லித்தான் தெரிகிறது. வீட்டுக்கு வந்து அறையைப் பூட்டிக்கொள்கிறாள். பிறகு நகைகளைக் கழற்றிவிட்டு, எளிய கறுப்பு உடை மாற்றி, கணவரிடம் போய் உட்காருகிறாள். இருவரும் அழுகிறார்கள். கேள்வி கேட்கவில்லை, அவரும் எதையும் விளக்கவில்லை. அந்த நாவலில் பக்தியைப் பற்றி அதிகம் பேசியவர் பல்ஸ்ட்ரோட். கிறிஸ்தவக் காரியம் ஒன்று நடப்பது அவர் மனைவி கையால்.

முழுக்க எதிர்மாறான முறை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கத்தோலிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் 1964-ல் வெளியிட்ட 'ரெவலேஷன்' சிறுகதையில் திருமதி டர்பின் டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, சுற்றியிருப்பவர்களைத் தரம் பிரித்துக்கொண்டு, தன்னை இப்போதிருக்கிற ஆளாகவே படைத்ததற்கு இயேசுவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் பரிசேயனேதான். எதிரில் இருக்கும் கல்லூரிப் பெண் கையிலிருந்த புத்தகத்தை அவள் முகத்தில் எறிந்து, நரகத்துக் காட்டுப்பன்றி என்று திட்டுகிறாள். திருமதி டர்பின் அதை ஒரு செய்தியாகவே எடுத்துக்கொண்டு, சாயங்காலம் பன்றிக் கொட்டிலருகே நின்று கடவுளிடம் சண்டைக்குப் போகிறாள். அவளுடைய விசுவாசம் நிஜம் என்பதால்தான் அந்தச் சண்டை சாத்தியமாகிறது.

நம் கதையில் கிரேஸ் டீச்சர் எதையும் எறிய வேண்டாம். மூன்று நாள் உபவாசத்துக்குப் பெட்டியை அடுக்கித் தருகிறபோது, "அந்தப் பையன் கடுதாசியில ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்களேன்" என்று சாதாரணமாகச் சொல்லட்டும். "வந்து பாத்துக்கலாம்" என்பார் அவர். அந்தம்மாள் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிக்குள் சட்டையை மடித்து வைக்கிறாள். அந்த இடத்தில் ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள்.

எட்டாம் படி: எங்கே நிறுத்துவது

ஊர்ப் பஞ்சாயத்தில் முகத்திரை கிழிவது, மின்னல் வெட்டுவது, வாதம் அடித்துக் கை விழுவது எல்லாம் வேண்டாம். மனந்திரும்பி ஆலயத்தில் எழுந்து நின்று கண்ணீரோடு சாட்சி சொல்வது அதைவிட மோசம். அது சுவிசேஷக் கைப்பிரதியின் முடிவு.

எனக்கு நம்பத்தக்கதாகத் தோன்றுவது சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' நாவலில் வருகிற பிராக்கிள்ஹர்ஸ்டுக்கு நேர்வது. அநாதைப் பெண்களின் சுருட்டை முடியைக்கூட ஆடம்பரம் என்று வெட்டச் சொன்னவர் அவர். அதே நேரத்தில் வெல்வெட்டும் பட்டும் உடுத்தி, முடியைச் சுருட்டி அலங்கரித்து உள்ளே நுழைகிறார்கள் அவர் மனைவியும் மகள்களும். பிறகு, அவர் பொருளாளராக இருந்து நடத்துகிற அந்த அநாதைப் பெண்கள் பள்ளியில் டைஃபஸ் காய்ச்சல் பரவிப் பிள்ளைகள் சாகிறார்கள். விசாரணை நடக்கிறது. அவர் வெளியேற்றப்பட்டாரா? இல்லை. பணமும் குடும்பச் செல்வாக்கும் உள்ளவர் என்பதால் பொருளாளராகவே நீடிக்கிறார், கூட இருந்து கவனிக்க நல்லவர்கள் சிலர் போடப்படுகிறார்கள். 1847-ல் வந்த நாவல். எந்தச் சேகரக் கமிட்டி கூட்டத்துக்குப் போய்வந்தவருக்கும் இது புரியும்.

பெரிய ஸாரின் கதையை, உபவாசம் முடிந்து அவர் பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடத்தில் நிறுத்தலாம். சாமுவேல் வழக்கம்போல வந்து பெட்டியை வாங்கிக்கொள்கிறான். "ஏல சாமு, உனக்காகத்தான்ல மூணு நாளும் ஜெபிச்சேன்" என்கிறார். உண்மை. ஜெபித்தார்.

கடைசியாக, திருத்தும்போது

முதல் பிரதியில் "கபடமாகச் சிரித்தார்", "பக்திமான் போல முகத்தை வைத்துக்கொண்டு", "உள்ளூர மகிழ்ந்தார்" போன்றவை எப்படியும் வந்திருக்கும். எல்லாவற்றையும் வெட்டுங்கள். அவை வாசகரின் தோளில் நீங்கள் போடுகிற கை.

சொந்தக் கோயிலிலிருந்து ஆளை அப்படியே தூக்கி வந்திருந்தால் உத்தியோகத்தையும் ஊரையும் குடும்பத்தையும் மாற்றுங்கள். நாகரிகத்துக்காக மட்டுமில்லை. தெரிந்த ஆளை எழுதும்போது கை பழிவாங்கத் தொடங்கும், மூன்றாம் படியில் எழுதிய நன்மைகள் ஒவ்வொன்றாகக் கதையிலிருந்து காணாமல் போயிருக்கும். எடுத்துப் பாருங்கள்.

பிறகு இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள், ஒருவர் வாராவாரம் கோயிலுக்குப் போகிறவராக இருக்கட்டும். அவர் "ஐயர் திருவிருந்து கொடுக்கிற வரிசையைத் தப்பா எழுதியிருக்கீங்க" என்றால் உடனே திருத்துங்கள். "எங்க சபையில இப்படிப்பட்டவங்க கிடையாது" என்றால் விட்டுவிடுங்கள். "ஸார் பாவம், அவருக்கு வேற வழி என்ன இருந்துச்சு?" என்று கேட்டால் தபாலில் சேர்க்கலாம்.